எட்டு மணிக்குத் திறந்தால் என்ன மிச்சம் இருக்கும்?

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுற்றுலா அலுவலர் அவர்களுக்கும், இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு கதவின் சாவியை வைத்திருக்கும் மற்றத் துறையினர் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் நாகர்கோவில்காரன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். வேலை இல்லாத விடியற்காலைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குளக்கரை, மலையடிவாரம், கடற்கரை என்று போய் நிற்கிற கூட்டத்தில் ஒருவன். அந்தக் கூட்டம் சிறியதல்ல. உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள், திருவனந்தபுரத்திலிருந்து பைக்கில் வருகிறவர்கள் இருக்கிறார்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வாரக் கடைசி ரயில் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நிலக்காட்சி எடுக்கவென்றே வந்து தங்கி, சாப்பிட்டு, ஆட்டோ பிடித்து, செலவு செய்துவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்.

சுற்றுலா மேம்பாடு என்று பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பட்டியல்தான் வருகிறது. நுழைவு வளைவு, செயற்கை நீரூற்று, ‘ஐ லவ்’ என்று தொடங்கும் ஆளுயர எழுத்துகள், செல்ஃபி மேடை, வண்ண விளக்கு. இவை எதையும் நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்பதற்குச் செலவு மிகக் குறைவு: இருக்கிற இடங்களைச் சூரியன் வருவதற்கு முன்னால் திறந்துவிடுங்கள், சூரியன் போன பிறகு பூட்டுங்கள். மடலின் சாரம் இவ்வளவுதான். வேலை அவசரம் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் கேட்பவர்களுக்காக மேற்கொண்டு எழுதுகிறேன்.

நம் ஊரில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான். அஸ்தமனமும் அப்படியே, மாலை ஆறை ஒட்டி, ஆறே முக்காலைத் தாண்டாது. நிலக்காட்சி எடுக்கிறவனுக்கு வேண்டியது இந்த இரண்டு நேரங்களின் ஓரம். உதயத்துக்கு முன் அரைமணி நேரம் வானம் நீலமும் ஊதாவுமாக இருக்கும், தண்ணீர் அசையாமல் கிடக்கும். உதயத்துக்குப் பின் கொஞ்ச நேரம் வெளிச்சம் மஞ்சளாகப் பக்கவாட்டில் விழும். மலையின் மடிப்பு, வயலின் வரப்பு, மணலின் நெளிவு எல்லாம் நிழல் பிடித்து எழுந்து நிற்பது அப்போதுதான். இங்கிலாந்து, நார்வே பக்கமெல்லாம் சூரியன் சாய்வாக உருண்டு ஏறும், அந்த மஞ்சள் நெடுநேரம் நிற்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு எட்டே பாகை வடக்கே. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறிவிடுகிறது. பொன் வெளிச்சம் அரைமணி நேரம் தாங்குவதே பெரிது. எட்டு மணிக்குள் சூரியன் பெரும்பாலான மாதங்களில் இருபது பாகைக்கு மேல் போய், வெளிச்சம் வெள்ளையாகி, கடல் கண்ணைக் கூசும்.

நம் மாவட்டத்தில் கதவு போட்ட இடங்கள் பெரும்பாலும் திறப்பது அந்த எட்டு மணிக்குத்தான். சில இடம் ஒன்பது. மாலையில் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் விசில் அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அதாவது, ஒரு நாளில் படம் எடுக்க லாயக்கில்லாத நேரம் எதுவோ அதை மட்டும் பார்த்துப் பொறுக்கியெடுத்து எங்களுக்குத் தந்திருக்கிறீர்கள்.

இணையத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் நல்ல படங்கள் என்று சுற்றுபவற்றைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானவை கதவே இல்லாத இடங்களில் எடுத்தவை. புத்தளம் உப்பளம், மணக்குடிக் காயல், தேரூர்க் குளக்கரை, தாழக்குடி வயல்கள், மருந்துவாழ்மலை உச்சி. தற்செயலாக நடந்ததல்ல இது. அங்கே யாரும் நேரம் சொல்லித் தடுப்பதில்லை, அதனால் படம் கிடைக்கிறது.

புத்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (இலங்கையிலும் ஒரு புத்தளம் உண்டு, அங்கேயும் உப்பளம்தான்.) ஐந்தரை மணிக்குப் பாத்தி வரப்பில் போய் நின்றால் முதலில் ஒன்றுமே தெரியாது, கால் வைக்கிற இடம்கூட. கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திகளின் சதுரங்கள் துலங்கும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் வெவ்வேறு பதத்தில் இருப்பதால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறம். புதுத் தண்ணீர் ஏற்றிய பாத்தி வானத்தை அப்படியே காட்டும். காய்ந்து வருகிற பாத்தி செம்மண்ணைக் கரைத்தாற்போல இருக்கும். உப்பு பூத்துவிட்டதில் மேலே மெல்லிய வெள்ளைத் தோல் கட்டியிருக்கும், காற்று வீசினால் அது ஓரமாக ஒதுங்கிச் சுருங்கும். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்புக்காரர்கள் அதற்குள் இறங்கியிருப்பார்கள். நீளக் கம்பில் பூட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரமாகக் கூட்டுவார்கள். அந்தப் பலகை தரையில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. காற்று அடங்கிய காலையில் மருந்துவாழ்மலை பாத்திக்குள் தலைகீழாக விழுந்து கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு வரப்பெல்லாம் முங்கி ஒரே ஏரியாகிவிடும். அப்போது பறவைகளின் ராஜ்யம், சில ஆண்டுகளில் பூநாரையும் இறங்கும். இந்தக் காட்சியைப் பார்க்க டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, வளைவு கிடையாது. ஏழரை மணிக்குப் போனால் காட்சியும் கிடையாது.

மருந்துவாழ்மலையும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் வால்நுனி அது. அய்யா வைகுண்டரும் நாராயண குருவும் தவம் இருந்த மலை என்று சொல்லப்படுவதால் பக்தர்கள் இருட்டோடு ஏறுவது வழக்கம். அவர்களோடு நாங்களும் ஏறிவிடுகிறோம். குரங்குக்குப் பயந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே போய் நின்றால் தென்னந்தோப்பு, உப்பளம், காயல், கடல் என்று நான்கு அடுக்காகக் கீழே விரியும். கோயில் வழக்கம் கதவைத் திறந்து வைத்திருப்பதால் கிடைத்த படங்கள் அவை.

இனி கதவுள்ள இடங்களுக்கு வருகிறேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, காவலுக்கு நிற்பவர் வேலைக்குப் பங்கம் வரக்கூடாது. ஒரு தை மாத விடியற்காலை. வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேரை நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கதவு பூட்டியிருந்தது. காவலர் உள்ளே நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டோம். “எட்டு மணிக்குத்தான் சார் தொறப்போம். எனக்கு மட்டும் ஆசையா, ஆர்டர் அப்படி” என்றார். வானம் எங்கள் தலைக்கு மேலே ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தது. மதில் அந்த இடத்தில் இடுப்பளவுதான். எங்களுக்குப் பின்னால் வந்த பையன்கள் நான்கு பேர் ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிக் குதித்து உள்ளே போனார்கள். காவலர் எழுந்து ஓடினார், திட்டினார், போன் எடுத்து யாரையோ கூப்பிட்டார். அதற்குள் அவர்கள் நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு வேறு பக்கமாகப் போய்விட்டார்கள். ஒழுங்காகக் கேட்டு நின்ற நாங்கள் சாயாக் கடையைத் தேடிப் போனோம். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, டிக்கெட் வாங்கி, உள்ளே போய், எடுக்க ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தோம்.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி முழுக்க அவர் அங்கேதான் இருக்கிறார். ஆள் இல்லை, சம்பளம் இல்லை, பாதுகாப்பு இல்லை என்று துறைகள் சொல்லும் காரணம் பல இடங்களில் பொருந்தாது. ஆள் இருக்கிறார். கதவைத் திறக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

இது நடக்கவே நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் தாஜ்மகாலைக் காட்டுங்கள். அங்கே உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பே வாசல் திறந்துவிடுகிறது. பௌர்ணமியை ஒட்டிய ஐந்து இரவுகளில் ராத்திரி பார்வையும் உண்டு. அதை நிர்வகிக்கிற அதே மத்தியத் தொல்லியல் துறையின் கையில்தான் நம் வட்டக்கோட்டையும் சிதறால் மலையும் இருக்கின்றன. அவ்வளவு கூட்டமும் அவ்வளவு பாதுகாப்புக் கெடுபிடியும் உள்ள இடத்திலேயே முடிகிறது. கம்போடியாவின் அங்கோர் வாட் காலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. அந்த உதயத்தைப் பார்க்கவே உலகம் முழுவதிலுமிருந்து ஜனம் போகிறது.

வட்டக்கோட்டைக் கொத்தளத்தில் நின்றால் கிழக்கே கடல், வடமேற்கே மலைத்தொடர், நடுவில் காற்றாலைகள். மார்த்தாண்ட வர்மா காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், கருங்கல்லில் எழுப்பிய மதில் கடல் விளிம்புவரை போகிறது. கீழே மணல் சில நாட்களில் கறுப்பாக இருக்கும். முதல் வெயில் அந்தக் கருங்கல்லில் படும்போது வரும் நிறத்தை எட்டு மணிக்கு மேல் போகிறவர் பார்க்கவே முடியாது. சிதறாலில் இதற்கு நேர் எதிர். அங்கே சாயங்காலம் வேண்டும். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணக் கோயிலும் பாறைச் சிற்பங்களும் உள்ள மலை அது. மேலே நின்றால் தென்னையும் ரப்பரும் மூடிய நாடு மேற்கே அலையலையாக இறங்கிப் போகும். அங்கே சூரியன் இறங்குகிற நேரம்வரை நிற்க விட வேண்டும்.

மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் கோபிப்பார்கள். காமராஜர் முயற்சியில் எழும்பி 1966இல் முடிந்த பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் தண்ணீர் போகிறது. பகலில் போகிறவர்கள் பாலத்தின் மேல் நடந்து, கீழே எட்டிப் பார்த்து, பயந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தை, மாசியில் காலை ஆறரைக்குக் கீழே ஆற்றங்கரையில் நின்று பார்க்க வேண்டும். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து செம்பழுப்பாகத் துளிர்க்கும் காலம் அது. பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கியிருக்கும். தூண்களின் இடுப்புக்கு மேல்தான் தெரியும், பாலம் எதன்மேலும் நிற்காதது போல இருக்கும். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களின் தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகர்ந்து போகும். ஏழேகாலுக்குள் பனி கரைந்துவிடும்.

அடுத்தது முக்காலி. ஸ்டாண்டு என்றால் எல்லோருக்கும் புரியும். உதயத்துக்கு முன்னால் வெளிச்சம் போதாது. கேமராவின் கண் அரை நொடி, ஒரு நொடி, சில சமயம் பத்து நொடி திறந்திருந்தால்தான் படம் பதியும். அத்தனை நேரம் கையில் அசையாமல் பிடிக்க எந்த மனிதனாலும் முடியாது. அதற்காகத்தான் ஸ்டாண்டு. ஆனால் நம் ஊரில் ஸ்டாண்டை விரித்தாலே சினிமா ஷூட்டிங் என்று அர்த்தம். “பெர்மிஷன் இருக்கா?” என்று வந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஒருவர் செல்போனைக் கைப்பிடி இயந்திரத்தில் மாட்டி, விளக்கு வைத்து, ஆடிப் பாடி ரீல் எடுத்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் கேட்கமாட்டார்கள். தொல்லியல் துறை 2018இல் நினைவுச்சின்னங்களில் படம் எடுக்க இருந்த தடையைப் பெரும்பாலும் நீக்கியது. ஸ்டாண்டுக்கு மட்டும் இன்னும் தனி அனுமதி வேண்டும். கூட்ட நேரத்தில் நடைபாதையில் மூன்று கால் விரித்து நிற்பது இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை ஏழு மணிக்கு முன் அங்கே கூட்டமும் இல்லை, இடைஞ்சலும் இல்லை. ‘காலை 7 மணிவரை ஸ்டாண்டு அனுமதி, நடைபாதையில் வைக்கக்கூடாது, கல்லில் சாய்க்கக்கூடாது’ என்று பலகையில் ஒரே ஒரு வரி எழுதினால் காவலருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

ஆட்சியர் அவர்களே, இந்த மடலைத் தனித்தனித் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. வட்டக்கோட்டைக்கும் சிதறாலுக்கும் மத்தியத் தொல்லியல் துறை. முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு மத்தியக் கப்பல் துறை. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். குளங்களில் தண்ணீர் நீர்வளத் துறைக்கு, பறவை வனத்துறைக்கு. துறைமுகம் மீன்வளத் துறைக்கு. ஒரே ஒரு நாள் காலையில் நான்கு இடம் போக நினைக்கிறவன் நான்கு அலுவலகத்தில் மனு எழுதிக்கொண்டா இருப்பான்? இவர்கள் எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கக்கூடிய ஒரே நாற்காலி உங்களுடையது.

கட்ட வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கும் வருகிறேன். குமரி முனையில் நின்று பாருங்கள். பங்குனியில் சூரியன் நேர் கிழக்கில் எழும். முக்கடல் சங்கமத்தில் நின்றாலே திருவள்ளுவர் சிலையின் பக்கத்தில் வந்துவிடும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே தள்ளிப் போய்விடும், அப்போது அலங்கார உபகார மாதா கோயில் பக்கமாக வடக்கே நடந்தால்தான் பாறைக்குப் பின்னால் பிடிக்க முடியும். ஆனி வந்தால் வடகிழக்கே நகர்ந்து கரையை ஒட்டி எழும். சாயங்காலமும் இதே கதை: குளிர்கால மாதங்களில் கடலுக்குள் இறங்குகிற சூரியன் கோடையில் கரைப் பக்கம் ஒதுங்கிவிடும். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் உதிக்கும் இடம் ஏறக்குறைய 47 பாகை நகர்கிறது. இப்படி நடமாடுகிற சூரியனுக்கு ஓர் இடத்தில் சிமென்டுத் திண்ணை கட்டி ‘காட்சி முனை’ என்று பலகை வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? திண்ணை கட்டினால் கைப்பிடிச் சுவர் வரும், அதன்மேல் கம்பி வரும், கம்பியில் விளம்பரம் வரும், பக்கத்தில் ஐஸ்கிரீம் வண்டிக்கு ஒரு கூரை வரும். நாங்கள் பிறகு அந்தக் கூரை படத்தில் விழாமல் எங்கே போய் நிற்பது என்று தேடிக்கொண்டிருப்போம்.

விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்த, 77 மீட்டர் நீளப் பாலம், 37 கோடி ரூபாய். பாறைக்கும் சிலைக்கும் நடுவில் சூரியனை வைத்து எடுத்துக்கொண்டிருந்த பழைய ஆட்களுக்கு அந்த இடைவெளி போனதில் வருத்தம் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது என்ற நிலைமை இருந்தது, இப்போது பாறையிலிருந்து நடந்தே போகிறார்கள். வளைவும் பார்வைக்கு மோசமில்லை. படகு மட்டும் சாதாரண நாட்களில் எட்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்துவிடுகிறது. கடல் விஷயம் என்பதால் விடியற்காலைப் படகு கேட்க நான் துணியமாட்டேன். சித்ரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் இறங்கக் கிழக்கே நிலா ஏறும் அந்த ஒரு சாயங்காலத்துக்காவது, கடல் ஒத்துழைத்தால், கடைசிப் படகைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று யோசியுங்கள்.

விளக்குகள்தான் உண்மையான தொல்லை. கடற்கரை ஊர்களில் உயரக் கம்பத்தில் எரியும் ஹைமாஸ் விளக்குகளைப் போட்டிருக்கிறீர்கள். இருட்டில் வள்ளம் தள்ளுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத கரையிலும் அதே உயரத்தில், அதே வெள்ளை விளக்கு, மூடி இல்லாமல் கடலைப் பார்த்து எரிகிறது. தெக்குறிச்சிக் கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் கடலின் மினுமினுப்பைப் பார்த்துத்தான் திசை அறிகின்றன, விளக்கைப் பார்த்தால் ஊர்ப் பக்கம் நடந்துவிடும். விளக்குக்குத் தகரக் குல்லாய் மாட்டிக் கீழே மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தால் ஆமைக்கும் நல்லது, மீனவர்களுக்கும் குறைவில்லை, எங்கள் படத்துக்கும் பிழைப்பு.

(மலைகளையே உடைத்து லாரியில் ஏற்றுகிற கதை வேறு. அதற்கு இந்த மடல் போதாது.)

கழிப்பறை. இதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்பது மணிவரை கரையில் நிற்கிற ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். பெண்கள்? எங்கள் கூட்டத்தில் நல்ல படம் எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இருட்டில் தனியாகப் போக முடியாது, போனாலும் கழிப்பறை பூட்டிக் கிடக்கும் என்பதால் பாதிப் பேர் வருவதையே விட்டுவிட்டார்கள். இடம் எட்டு மணிக்குத் திறந்தால் அதன் கழிப்பறையும் எட்டு மணிக்குத்தானே திறக்கிறது. ஐயப்ப சீசனில் பக்தர்களுக்காகக் குமரியில் இரவு பகலாகச் செய்கிற ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். ரோந்துப் போலீஸ் வண்டி விடியற்காலையில் ஒருமுறை முட்டம், மணக்குடி, வட்டக்கோட்டைப் பக்கம் வந்து போனாலே பாதி பயம் தீர்ந்துவிடும்.

தேரூர் பற்றி மட்டும் தலைகீழாகக் கேட்கப் போகிறேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதிலிருந்து குளக்கரையில் கூட்டம் கூடியிருக்கிறது. அங்கே எங்களைக் கட்டுப்படுத்துங்கள். ஐப்பசியிலிருந்து பங்குனிவரை கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நிற்கிற நேரத்தில், பறக்கிற படம் வேண்டும் என்று கல் எறிந்து எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ரோன் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைவான பொம்மைதானே என்பார்கள். பறவைக்கு அது பருந்து. குளங்களில் ட்ரோனை முழுமையாகத் தடை செய்யுங்கள், மீறினால் பிடுங்குங்கள், நாங்களே ஆள் காட்டித் தருகிறோம். அறுவடைக்கு நிற்கிற கும்பப்பூ நெல் வயலுக்குள் கல்யாண ஜோடியை இறக்கிக் கதிரை மிதிக்கிற என் தொழில்காரர்களுக்கும் இது பொருந்தும். உப்பளத்தில் வரப்பு உடைந்தால் ஒரு பாத்தி உப்பே வீண். துறைமுகத்தில் வலை பிரிக்கிறவர் முகத்துக்கு முன்னால் கேட்காமல் லென்ஸை நீட்டுவதும் அப்படித்தான்.

கட்டணம் கேட்டால் கொடுக்கிறோம். விடியற்காலைப் பாஸ் என்று ஒன்று போடுங்கள். ஆதார் எண்ணும் வண்டி எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு காலைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வையுங்கள். அந்தப் பணத்தில் காவலருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுங்கள், ஓசியில் அவரை எழுப்புவது நியாயமில்லை.

எல்லா இடத்தையும் ஒரே நாளில் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. வருகிற தை, மாசி இரண்டு மாதம், சனி ஞாயிறு மட்டும், ஓர் இடம் காலையில், ஓர் இடம் மாலையில். காலைக்கு வட்டக்கோட்டை, மாலைக்குச் சிதறால் என்பது என் யோசனை. மழை விட்டுக் காற்று சுத்தமாக இருக்கும், கும்பப்பூ விளைந்து நிற்கும், வெளியூர்க்காரர்களும் குளிருக்குப் பயந்து ஊட்டிக்குப் போகாத மாதங்கள் அவை. இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். ஏதாவது உடைந்ததா, குப்பை கூடியதா, காவலருக்குத் தொல்லையா, எத்தனை பாஸ் விற்றது. தோதுப்படவில்லை என்றால் பழையபடி எட்டு மணிக்கே பூட்டைத் திறந்துகொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் எந்த இடத்தில் சூரியன் எங்கே எழும், எங்கே விழும் என்று ஊர்வாரியாக ஒரு அட்டவணை எங்களில் சிலர் போட்டு வைத்திருக்கிறோம். குமரி முனை, வட்டக்கோட்டை, மணக்குடி, முட்டம், ஆரல்வாய்மொழி எல்லாம் அதில் உண்டு. சுற்றுலா அலுவலகத்தில் ஒட்டிக்கொள்ளக் கேட்டால் காசில்லாமல் தருகிறோம். அச்சடிக்கும் செலவு மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
விடியற்காலையில் குளக்கரையில் நிற்கும்
நாகர்கோவில் புகைப்படக்காரன் ஒருவன்